மூன்று அங்குலம், முப்பத்தாறு மணி நேரம்: அமெரிக்கத் தெற்கு தன் ரயில் பாதையை நகர்த்திய கதை

1886 மே மாதத்தில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ரயில் பாதையோரம் நடந்து போனவர்கள் ஒரு விநோதத்தைப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கத் தண்டவாளத்துக்கு உட்புறமாக, மூன்று அங்குலம் தள்ளி, ஸ்லீப்பர் கட்டைகளில் வரிசையாக ஆணிகள் அடித்திருந்தன. அவை எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இன்னும் வந்து சேராத ஒரு தண்டவாளத்துக்காகக் காத்திருந்தன.

மே 31 திங்கட்கிழமையும் ஜூன் 1 செவ்வாய்க்கிழமையுமாக 36 மணி நேரத்தில் அந்தத் தண்டவாளங்கள் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 11,500 மைல் பாதை (13,000 என்று சொல்லும் கணக்கும் உண்டு) ஐந்தடி அகலத்திலிருந்து நாலடி ஒன்பது அங்குலத்துக்குச் சுருங்கியது. வட அமெரிக்க ரயில்வே வரலாறு என்றதும் எல்லோரும் 1869-இல், கண்டத்தைக் குறுக்கே கடக்கும் முதல் பாதை இணைந்தபோது, யூட்டாவின் ப்ரோமன்டரி மேட்டில் அடித்த தங்க ஆணியைத்தான் சொல்வார்கள். அது ஒரே ஓர் ஆணி, அதுவும் படம் எடுத்துக்கொள்ள. எனக்கு இந்தப் பல கோடி இரும்பு ஆணிகளின் கதைதான் பெரிதாகத் தெரிகிறது. எப்படிச் செய்தார்கள் என்பது ஒரு பாதி. செய்து முடித்தபின் லாபம் யார் பைக்குப் போனது என்பது இன்னொரு பாதி. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆளுக்கொரு அகலம்

இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் கேஜ். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் பயன்படுத்திய நாலடி எட்டரை அங்குலம், அங்கிருந்து இறக்குமதியான இன்ஜின்களோடு அமெரிக்க வடகிழக்குக்கும் வந்தது. தெற்கில் கதை வேறு. தென் கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து ஹாம்பர்க் ஊருக்குப் பாதை போட்ட கம்பெனிக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஹொரேஷியோ ஆலன். அவர் ஐந்தடி என்று முடிவு செய்தார். 1833-இல் அந்தப் பாதை 136 மைல் நீளத்துக்கு முடிந்தபோது உலகிலேயே நீளமான ரயில் பாதை அதுதான். பக்கத்து ஜார்ஜியாவில் போட்டவர்களும், அப்புறம் டென்னசி, அலபாமாக்காரர்களும் அதே ஐந்தடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து ஒரு கிளைக்கதையும் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்குப் பாதை போட ரஷ்யா 1840களில் அழைத்துச் சென்ற ஆலோசகர் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர். அங்கேயும் ஐந்தடியே அமைந்தது. அமெரிக்காவில் ஒழிந்துபோன அகலம் ரஷ்யாவில் இன்றும் ஓடுகிறது, சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில்.

மற்ற இடங்களில் ஐந்தடியோடும் நிற்கவில்லை. நியூயார்க்கின் ஈரி ரயில்வே ஆறடி. ஓஹாயோவில் நாலடி பத்து. கனடாவில் ஐந்தடி ஆறு அங்குலம். நம்மூர் அகலப்பாதையின் அகலமேதான். 1870களின் தொடக்கத்தில் கனடாக்காரர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். (நூறு வருஷம் கழித்து அதே ஐந்தடி ஆறு அங்குலத்தை சான் பிரான்சிஸ்கோவின் பார்ட் மின்சார ரயில் எடுத்துக்கொண்டது.)

இதையெல்லாம் பொறியாளர்களின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பல இடங்களில் கேஜ் ஒரு வேலி. மான்ட்ரியலின் சரக்கு மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் துறைமுகத்துக்கே வர வேண்டும், பாஸ்டனுக்கு நழுவிவிடக் கூடாது என்று நினைத்தவர்களுக்கு வேறு அகலம் வசதியாக இருந்தது. ஈரி ரயில்வே ஆறடி போட்டதற்குப் பின்னாலும் நியூயார்க் சரக்கு நியூயார்க்கிலேயே இருக்கட்டும் என்ற எண்ணம் உண்டு. வட கரோலினா தன் மாநிலப் பாதையை நாலடி எட்டரையில் போட்டது. தெற்கேயிருந்து வந்த ஐந்தடிப் பாதை சார்லட் நகரத்தில் அதோடு முட்டி நின்றது.

வேலி இருந்தால் அதை நம்பிப் பிழைப்பவர்களும் இருப்பார்கள். பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் இரண்டு கேஜ்கள் சந்தித்தன. சரக்கை இறக்கி ஏற்றும் கூலிகள், வண்டிக்காரர்கள், காத்திருக்கும் பயணிகளுக்குத் தீனி விற்பவர்கள் என்று ஊரே அந்த இடைவெளியில் சாப்பிட்டது. 1853 கடைசியில் ரயில்வேக்காரர்கள் பாதையை ஒரே அகலமாக்கியதும் ஊரார் திரண்டு தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், பாலங்களைக் கலைத்தார்கள். குளிர்காலத்தில் பயணிகள் பாதை அறுபட்ட ஏழு மைல் தூரத்தைப் பனிச்சறுக்கு வண்டியிலும் கால்நடையாகவும் கடந்தார்கள். இதற்கு வேர்க்கடலைச் சண்டை என்று கூட ஒரு பெயர் உண்டு. சிரிப்பு வருகிறது, ஆனால் வேர்க்கடலை விற்றுப் பிழைத்தவருக்கு அது சிரிப்பில்லை.

தேசிய அளவில் ஒரே அகலம் என்ற பேச்சு முதலில் பலமாக எழுந்தது உள்நாட்டுப் போரின் நடுவே. பசிபிக் ரயில் பாதைக்கு 1863 ஜனவரியில் லிங்கன் ஐந்தடி என்று முடிவு செய்தார். கிழக்கத்திய ரயில்வேக்கள் விடவில்லை. மார்ச் மாதமே நாடாளுமன்றம் அதை மாற்றி, நாலடி எட்டரை என்று சட்டம் போட்டது. லிங்கன் சொன்னது நின்றிருந்தால் 1886-இல் நகர வேண்டியது வடக்காக இருந்திருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆறு இருந்தவரை கவலை இல்லை

போர் 1865-இல் முடிந்தது. அதற்குப் பின்னும் இருபது வருஷம் தெற்கு ஏன் ஐந்தடியில் ஓட்டியது? பணமில்லை என்பது உண்மைதான். ஆனால் எனக்குப் படும் முக்கியக் காரணம் ஓஹாயோ ஆறு. வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் அந்த ஆற்றில் ரயில் பாலம் இல்லாதவரை, சரக்கை எப்படியும் இறக்கித்தான் படகில் ஏற்ற வேண்டும். அக்கரையில் பாதை மூன்று அங்குலம் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன?

1870-இல் லூயிவில்லில் பாலம் வந்தது. அதை வடிவமைத்தவர் ஆல்பர்ட் ஃபிங்க் என்ற ஜெர்மானியர். இவர் பெயரை மறக்க வேண்டாம், பின்னால் வேறு வேஷத்தில் வருவார். 1877-இல் சின்சினாட்டியிலும் பாலம். இப்போது படகு இல்லை, ஆனால் கேஜ் இன்னும் வழிமறித்தது. ஆற்றின் மறைவில் கிடந்த தொல்லை வெளியே தெரிய ஆரம்பித்தது.

இடைக்காலத்தில் கைவைத்தியம் பலவும் பார்த்தார்கள். ஒரே கட்டையில் மூன்றாவது தண்டவாளம் போட்டுப் பார்த்தார்கள். அகல வித்தியாசம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று இருந்த இடங்களில் பட்டை அகலமான சக்கரம் மாட்டி இரண்டிலும் ஓட்டினார்கள். அது அடிக்கடி தடம் புரளும் சங்கதி. தெற்கு எல்லையில் அதிகம் கைகொடுத்தது போகி மாற்றுவதுதான். பெட்டியை அப்படியே தூக்கி, கீழே இருக்கும் சக்கரத் தொகுதியை உருட்டிவிட்டு, வேறு அகலத் தொகுதியை உள்ளே தள்ளி, பெட்டியை அதன்மேல் இறக்குவார்கள். வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம், கூலி, இரட்டிப்பு போகிகள்.

முதலில் பொறுமை இழந்தது இல்லினாய் சென்ட்ரல். ஓஹாயோ ஆற்றங்கரையிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை இருந்த தன் தெற்குப் பிரிவை, ஏறத்தாழ 550 மைல், 1881 ஜூலையில் ஒரே நாளில் மாற்றிவிட்டது. 1885 ஜூலையில் மொபைல் அண்ட் ஓஹாயோ. இந்த இரண்டும் வடக்கிலிருந்து வளைகுடாக் கரைவரை பெட்டியை நிறுத்தாமல் கொண்டு போகத் தொடங்கின. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் சரக்கு கைமாறிவிடும்.

அட்லாண்டாவில் இரண்டு நாள்

கேஜ் மாற்றத்தில் ஒரு சிக்கல் உண்டு. தனியாக மாறினால் பக்கத்து ரயில்வேயோடு உறவு அறும். எல்லோரும் மாறியபின் மாறாமல் இருந்தால் தீவாகிவிடுவோம். ஆக, மாறினால் எல்லோரும் சேர்ந்து, ஒரே சமயத்தில். 1886 பிப்ரவரி 2, 3 தேதிகளில் தெற்கு ரயில்வேக்களின் பிரதிநிதிகள் அட்லாண்டாவில் கூடினார்கள். தேதி குறித்தார்கள். பருத்தி அறுவடைக்கு இன்னும் சில மாதம் இருந்த காலம் அது.

புது அகலமாக அவர்கள் எடுத்தது நாலடி எட்டரை இல்லை, நாலடி ஒன்பது. காரணம் பென்சில்வேனியா ரயில்வே. அந்தப் பெரிய கம்பெனியும் அதோடு இணைந்தவர்களும் நாலடி ஒன்பதில் ஓடினார்கள். தெற்கின் சரக்கு அவர்களோடுதான் அதிகம் கைமாறும். அரை அங்குல வித்தியாசத்தில் பெட்டி இரண்டிலும் சிக்கலில்லாமல் ஓடும்.

இதில் அரசாங்கத்தின் கை எங்குமே இல்லை. சட்டமில்லை, உத்தரவில்லை, மானியமில்லை. மூன்று வருஷத்துக்கு முன், 1883 நவம்பர் 18 அன்று, அமெரிக்க, கனடிய ரயில்வேக்கள் இதே மாதிரிதான் தங்களுக்குள் பேசி நாட்டின் கடிகாரத்தையே மாற்றின. ஊருக்கு ஊர் வேறாக இருந்த நேரம் ஒரு மணி நேர வித்தியாசமுள்ள மண்டலங்களாகியது. அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது 1918-இல். கம்பெனிகள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கண்டத்தையே திருப்பலாம் என்று காட்டிய காலம் அது. சேர்ந்து உட்காரும் வழக்கம் அவர்களுக்கு வேறு ஒரு காரணத்தாலும் பழகியிருந்தது. அதற்கு வருகிறேன்.

36 மணி நேரம் என்பது கடைசிக் கட்டம்

அந்த நாட்களின் சாதனையைப் படித்தால் மாயம் மாதிரி இருக்கும். முன்தயாரிப்பைப் படித்தால் மாயம் கலைந்துவிடும், மரியாதை கூடிவிடும்.

முதலில் சக்கரம். மூன்று அங்குலம் குறைய வேண்டுமென்றால் அச்சில் இருக்கும் இரண்டு சக்கரமும் ஆளுக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே வர வேண்டும். மாற்றம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்த கம்பெனிகள் புதிதாக வாங்கும் அச்சுகளையும் இன்ஜின்களையும் அதற்குத் தோதாகவே வாங்கின. இன்ஜினில் கஷ்டம் அதிகம். சக்கரத்தின் மேல் இறுக்கியிருக்கும் எஃகுப் பட்டையைக் கழற்றி உள்ளே தள்ளி மாட்ட வேண்டும், பிரேக்கையும் ஒத்து நகர்த்த வேண்டும். எல்லா வண்டியையும் ஒரே நாளில் மாற்றும் பட்டறை எந்தக் கம்பெனியிடமும் இல்லை. ஒரு பகுதியை முன்கூட்டியே மாற்றி ஓரங்கட்டி வைத்தார்கள். மீதி பழைய அகலத்தில் கடைசி நாள்வரை ஓடியது.

அப்புறம் பாதை. அங்கே தண்டவாளம் மரக்கட்டையின் மேல் நேராக உட்காரும். இருபுறமும் அடித்த ஆணியின் தலை அதன் அடிப்பாகத்தைக் கவ்விக்கொள்ளும். இரண்டில் ஒன்றை நகர்த்தினால் போதும் என்பது பெரிய ஆறுதல். வடக்கு தெற்காக ஓடும் பாதைகளில் மேற்குப் பக்கத் தண்டவாளம் கிழக்கே மூன்று அங்குலம் வர வேண்டும் என்று முடிவானது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. இந்தக் கூட்டம் இடதையும் அடுத்த கூட்டம் வலதையும் நகர்த்தியிருந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாதை நொடித்துப் போயிருக்கும்.

வாரக்கணக்கில் முன்பே கேங் ஆட்கள் வாய்ச்சியால் கட்டைகளைச் சமமாகச் செதுக்கினார்கள், தண்டவாளம் புது இடத்தில் ஆடாமல் உட்கார வேண்டுமே. உள்பக்கப் புது ஆணியை அளந்து அடித்தார்கள். ஆரம்பத்தில் சொன்ன, காத்திருந்த ஆணிகள் இவைதான். நாள் நெருங்கியதும் பழைய உள்பக்க ஆணிகளில் தவிர்க்கக்கூடியதைப் பிடுங்கி, வண்டி தாங்கும் அளவுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். கடைசியில் மிஞ்சிய வேலை: மீதி ஆணியைப் பிடுங்கு, கடப்பாரையால் தண்டவாளத்தை நெம்பித் தள்ளு, அது புது ஆணியின் தலைக்கடியில் போய் முட்டும், வெளிப்பக்கம் ஆணி அடி, அடுத்த கட்டைக்கு நட. அளக்க வேண்டிய வேலையே இல்லை. அளந்தது ஏற்கெனவே மரத்தில் நட்டிருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டடிக்கு ஒரு கட்டை என்று வைத்தாலே மைலுக்கு 2,640. அப்படியென்றால் 11,500 மைலுக்கு மூன்று கோடிக் கட்டைகள். அன்றே எல்லாவற்றிலும் அடிப்பது நடக்காது, தேவையும் இல்லை. இடைவெளி விட்டு அடித்து, வண்டியை மெதுவாக விட்டு, மீதியைப் பின்னால் அடித்துக்கொள்ளலாம். பாதைகள் பிரியும் பாயின்ட்டும் ஒன்றையொன்று வெட்டும் கிராசிங்கும் இருக்கும் நிலைய வளாகங்கள்தான் உயிரை எடுத்திருக்கும், அங்கே ஒரு தண்டவாளத்தை மட்டும் தள்ளிவிட்டுப் போக முடியாது. கேங் ஆட்கள் ஏறி வரும் ட்ராலிக்கும் அகலம் மாற்ற வேண்டும் என்பதையும் யாரோ ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வே மட்டும் 1,800 மைலுக்கு மேல் மாற்றியது. வேலையில் 8,700 பேருக்கு மேல். மைலுக்கு ஐந்து பேர்கூட முழுசாக இல்லை. விடியுமுன்னே தொடங்கினார்கள். தெற்கின் கேங்குகளில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள், பலர் அடிமையாகவே பிறந்தவர்கள்; அடிமை முறை ஒழிந்து அப்போது இருபத்தோரு வருஷம்தான் ஆகியிருந்தது. சிறைக் கைதிகளை வாடகைக்கு எடுத்துப் பாதை போடும் வழக்கமும் அன்றைய தெற்கில் இருந்தது. கம்பெனிக் கணக்கில் இவர்கள் மைலுக்கு இத்தனை ஆள் என்று வருகிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது குறுக்கும் வேலை. ஐந்தடிக்குப் போட்ட கட்டை நாலடி ஒன்பதுக்குத் தாராளமாகப் போதும். பாலம், சுரங்கம், மண்கரை எதையும் தொட வேண்டியதில்லை. மீட்டர் கேஜை அகலப்பாதையாக்கும்போது கட்டையிலிருந்து பாலம் வரை புதிதாக வேண்டும், அதனால்தான் நம் ஊர்களில் அது வருஷக்கணக்கில் இழுத்தது. அவர்கள் சுறுசுறுப்பு, நாம் சோம்பல் என்று யாராவது ஒப்பிட்டால் நம்ப வேண்டாம்.

லாபம் எந்தப் பக்கம் நகர்ந்தது

இப்போது ஆல்பர்ட் ஃபிங்க். பாலம் கட்டிய அந்தப் பொறியாளர் பிறகு கணக்கில் புலியானார், ரயில் போக்குவரத்தின் செலவைப் பிரித்துப் பார்ப்பதில் முன்னோடியானார். 1875-இல் தெற்கின் ரயில் கம்பெனிகளும் கப்பல் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தபோது அதன் முதல் கமிஷனர் அவர்தான். சங்கத்தின் வேலை பச்சையாகச் சொன்னால் விலைக் கூட்டணி. எந்த ஊருக்கு என்ன கட்டணம் என்று சேர்ந்து குறிப்பது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது, பங்கை மீறி ஓட்டியவர் மற்றவருக்குக் கொடுப்பது. 1886-இல் கேஜ் மாற்றிய கம்பெனிகளில் பல இதன் உறுப்பினர்கள். சேர்ந்து உட்கார்ந்து பழகிய காரணம் இதுதான்.

வடகிழக்குத் துறைமுகங்களிலிருந்து தெற்கின் உட்பகுதி ஊர்களுக்குச் சரக்கு போக இரண்டு வழி. ஒன்று முழுக்க ரயில்; நடுவில் கேஜ் முறியும் இடத்தில் மாற்ற வேண்டும். இன்னொன்று கப்பலில் சவானா, சார்லஸ்டன் என்று வந்து அங்கிருந்து ரயில். துறைமுகத்தில் மாற்ற வேண்டும். கேஜ் ஒன்றானதும் முதல் வழியின் தடை போய்விட்டது. டேனியல் கிராஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் அந்தச் சங்கத்தின் பழைய சரக்குப் பதிவுகளையே எடுத்துக் கணக்குப் பார்த்தார். கப்பலிலிருந்து ரயிலுக்குச் சரக்கு பெருமளவில் மாறியிருக்கிறது. ஆனால் மொத்தச் சரக்கு கூடவில்லை. கட்டணமும் குறையவில்லை.

அதாவது பாதை சுருங்கியது, செலவு சுருங்கியது, பில் மட்டும் சுருங்கவில்லை. போட்டி இருந்திருந்தால் மிச்சமான செலவில் ஒரு பகுதி கடைக்காரருக்கும் விவசாயிக்கும் வந்திருக்கும். கூட்டணி குறித்த கட்டணம் அப்படியே நின்றதால் மிச்சம் கம்பெனிகளிடமே தங்கிவிட்டது. இதை வைத்து 1886 ஒரு மோசடி என்று சொல்ல நான் தயாரில்லை. பெட்டிகள் நிற்காமல் போயின, சரக்கு உடையாமல் போய்ச் சேர்ந்தது, அந்த இணைப்பு பல தலைமுறைக்குப் பயன்பட்டது. ஆனால் ஒன்று உறுத்துகிறது: இத்தனை பேரை ஒரே நாளில் ஒரே பக்கம் தள்ள வைத்த ஒற்றுமையும், கட்டணத்தை இறங்க விடாத ஒற்றுமையும் ஒரே மேஜையில் பிறந்தவை. கூட்டணி இல்லாத, அடித்துக்கொள்ளும் கம்பெனிகளாக இருந்திருந்தால் கட்டணம் இறங்கியிருக்கும், ஆனால் கேஜ் மாற்றத்துக்குத் தேதி குறித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

அடுத்த வருஷமே, 1887-இல், மாநிலங்களுக்கிடையிலான வணிகச் சட்டம் வந்தது. ரயில் கம்பெனிகள் வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்வதை அது தடை செய்தது, கட்டணத்தைக் கண்காணிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது. 1890-இல், போட்டியை ஒடுக்கும் கம்பெனிக் கூட்டணிகளுக்கு எதிரான ஷெர்மன் சட்டம்.

பாதையில் மிஞ்சியிருந்த அரை அங்குலத்துக்கு யாரும் மாநாடு கூட்டவில்லை. கட்டை இற்றுப்போய் மாற்றும்போதும் தண்டவாளம் தேய்ந்து மாற்றும்போதும் கேங் ஆட்கள் நாலடி எட்டரை வைத்து ஆணி அடித்தார்கள். அதற்குப் பல வருஷம் ஆயிற்று.